விமானம் வரையும் வேலை: ஏரோ படிப்புக்கு முன் ஒரு மாதம், வீட்டுக் கம்ப்யூட்டரில்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் கோம்பையிலிருந்து எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, ஏரோ எடுக்கலாமா?" என்பதுதான் கேள்வி. கடைசியாகக் கேட்ட தம்பியின் வீட்டில், ஒரு தனியார் கல்லூரியில் சேர்க்கக் கடன் வாங்குவதற்காகத் தோப்புப் பத்திரத்தையே எடுத்து வைத்திருந்தார்கள். "படிச்சு முடிச்சா போயிங்ல வேலைன்னு சொல்றாங்கண்ணே" என்றான். "விமானத்தை ஓட்டப் போறியா, பழுது பார்க்கப் போறியா, வரையப் போறியா?" என்று கேட்டேன். "மூணும் ஒண்ணுதானே?" என்றான்.

மூன்றும் ஒன்றல்ல. அவனுக்குச் சொன்ன விஷயங்களைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் விமானப் பொறியாளன் அல்லன். பொறியியல் படித்துவிட்டு சாப்ட்வேர் எழுதுபவன். என்னோடு படித்தவர்களில் சிலர் பெங்களூருவில் இந்தத் துறையில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பத்திரிகையில் விமானத்துக்கு என்ன வேலை என்று நினைக்காதீர்கள். பயணிகள் விமானத்தை வடிவமைப்பவர் தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழிப்பது கம்ப்யூட்டர் முன்புதான். அவர் பயன்படுத்தும் சாப்ட்வேர்களைப் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. நீங்கள் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரிலேயே அவை ஓடும். லட்சக்கணக்கில் கடன் வாங்கும் முன், பிள்ளைக்கு இந்த வேலை பிடிக்குமா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

ஓட்டுபவர், பழுது பார்ப்பவர், வரைபவர்

ஓட்டுபவர் பைலட். இதற்கு பி.இ. பட்டம் தேவையில்லை. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, குறைந்தது 200 மணி நேரம் பறந்து, வணிக விமானி உரிமம் பெற வேண்டும். பழுது பார்ப்பவர் பராமரிப்புப் பொறியாளர். இவருக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. தரும் தனி உரிமம் வேண்டும். வரைபவர்தான் ஏரோநாட்டிக்கல் அல்லது ஏரோஸ்பேஸ் பட்டம் படித்த வடிவமைப்புப் பொறியாளர்.

இந்த வித்தியாசத்துக்கு நல்ல உதாரணம் அப்துல் கலாம். சென்னை குரோம்பேட்டையில் சி.ராஜம் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் அவர் படித்தது ஏரோநாட்டிக்கல். ஆனால் ஆசைப்பட்டது பைலட் ஆக. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் 8 இடங்களுக்கு 25 பேர் போட்டியிட்டார்கள். கலாமுக்குக் கிடைத்தது 9ஆம் இடம். படிப்பு கைவசம் இருந்ததால் பொறியாளராகத் தொடர்ந்தார். ஏரோ பட்டம் உங்களைத் தானாக விமானி இருக்கையில் உட்கார வைத்துவிடாது என்பதை நினைவில் வையுங்கள்.

இறக்கைக்கு உதாரணம் நம் ஊர்க் காற்றாலை

கோம்பைக்கு மேற்கே மலை உச்சியில் ராமக்கல்மேடு இருக்கிறது. ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி இறங்கும் காற்று எப்படி இருக்கும் என்று நம் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தக் காற்றை நம்பித்தான் மேலே காற்றாலைகள் நிற்கின்றன. அதன் ஓர் இறக்கையைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் முன்பக்கம் உருண்டையாகவும் பின்பக்கம் கத்தி போல மெலிந்தும் இருக்கும். விமானத்தின் இறக்கையும் இதே குடும்பம்தான். இந்த வடிவத்துக்கு ஏர்பாயில் என்று பெயர்.

காற்றாலையில் காற்று வந்து இறக்கையைச் சுற்றுகிறது. விமானத்திலோ இன்ஜின் இறக்கையைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதன் எதிர்விளைவாக இறக்கை மேலே தூக்கப்படுகிறது. எவ்வளவு வளைவு, எவ்வளவு தடிமன், எந்தக் கோணம் என்று கணக்கிடுவதுதான் ஏரோடைனமிக்ஸ் பொறியாளரின் வேலை.

வரைபலகையிலிருந்து மானிட்டருக்கு

கலாம் படித்த 1950களில் இதெல்லாம் காகிதத்தில் நடந்தது. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் மாணவர் குழுவில் அவர் இருந்தார். வேலை மெதுவாக நடப்பதைப் பார்த்த பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று எச்சரித்தார். கலாம் தூக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு வரைபலகை முன்பே உட்கார்ந்து முடித்தார்.

காகிதத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் குழாய் வரைவார், இன்னொருவர் ஒயர் வரைவார், மூன்றாமவர் தாங்கு கம்பி வரைவார். மூன்றும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வது பொருத்தும்போதுதான் தெரியும். அதனால் முழு அளவில் மாதிரி விமானம் ஒன்றைக் கட்டி, எல்லாம் பொருந்துகிறதா என்று பார்ப்பது வழக்கமாக இருந்தது.

இதை மாற்றியது போயிங் 777. முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் விமானம் இதுதான். பிரான்சின் டசால்ட் நிறுவனத்தின் கேட்டியா என்ற முப்பரிமாண சாப்ட்வேரில் 238 குழுக்கள் இதை வரைந்தன. ஒரு பாகம் இன்னொன்றில் முட்டினால் திரையிலேயே தெரிந்துவிடும். முதல் விமானத்தைப் பொருத்தியபோது, சரியான நேர்கோட்டிலிருந்து விலகல் 0.6 மில்லிமீட்டர்தான்! அதுவரை அரை அங்குல விலகல் சாதாரணம். 777 முதலில் பறந்தது 1994 ஜூன் 12இல். அடுத்த ஆண்டு ஜூனில் பயணிகள் ஏறினார்கள்.

வெர்ஷன் மாறினால் விமானமே நிற்கும்!

ஒரு கம்ப்யூட்டரில் டைப் செய்த வேர்டு பைலை வேறு வெர்ஷன் உள்ள கம்ப்யூட்டரில் திறந்தால் வரிகள் கலைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். இதே தொல்லை உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானத்துக்கும் வந்தது.

ஏர்பஸ் ஏ380 இரண்டு அடுக்கு விமானம். அதற்குள் ஓடும் ஒயர்களின் நீளம் 500 கிலோமீட்டருக்கும் அதிகம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்த குழு கேட்டியாவின் நான்காம் வெர்ஷனில் வேலை செய்தது. பிரான்சின் துலூஸில் இருந்த குழு ஐந்தாம் வெர்ஷனில். இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒயர் கட்டுகள் வளைந்து செல்லும் இடங்களில் எவ்வளவு கூடுதல் நீளம் வேண்டும் என்ற கணக்கு பிசகியது. ஹாம்பர்க்கில் தயாரான கட்டுகளை துலூஸில் பொருத்தியபோது பல இடங்களில் நீளம் போதவில்லை.

2006இல் தாமதம் அறிவிக்கப்பட்டது. ஏர்பஸ் தலைவர் பதவி விலகினார். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது 2007 அக்டோபரில். இரு குழுக்களும் திறமையானவைதான். ஆனால் யார் எந்த வெர்ஷனில் வேலை செய்கிறார்கள் என்பதும் பொறியியலின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த பாடம் கிடைக்காது.

நம் நாட்டுப் பயணிகள் விமானம்: சரஸ்

கான்பூரில் நம்மவர்கள் 1960களில் ஆவ்ரோ எச்.எஸ்.748 விமானங்களைக் கட்டினார்கள். ஆனால் அதன் வடிவமைப்பு பிரிட்டிஷாருடையது. பிறகு கட்டிய டோர்னியர் 228 ஜெர்மன் வடிவமைப்பு. நம் நாட்டிலேயே வரைந்த சிறு பயணிகள் விமானம் என்றால் அது சரஸ். 14 இருக்கைகள், பின்பக்கம் இரண்டு புரொப்பெல்லர் இன்ஜின்கள். பெங்களூருவில் உள்ள நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ், சுருக்கமாக என்.ஏ.எல்., இதை வடிவமைத்தது.

வேலை தொடங்கியது 1991இல். கூட்டாளியாக இருந்த ரஷ்ய நிறுவனம் பணத் தட்டுப்பாட்டால் விலகியது. 1998இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கத் தடைகள் வந்தன. 1999இல் மத்திய அரசு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2004 மே 29இல் முதல் சரஸ் பறந்தது.

பறந்தது உண்மை. ஆனால் எடை கூடிவிட்டது. காலி விமானம் 4,125 கிலோ இருக்க வேண்டும் என்பது திட்டம். தராசில் வந்தது 5,118 கிலோ. வித்தியாசம் 993 கிலோ. ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தால் 13 பேர்! அதாவது 14 பேர் ஏற வேண்டிய விமானத்தில் கண்ணுக்குத் தெரியாத 13 பேர் ஏற்கனவே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாகமும் சரியாகப் பொருந்தலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் எடையைக் கண்காணிக்க ஆள் வேண்டும். இதற்கென்றே விமான நிறுவனங்களில் எடைப் பொறியாளர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது சரஸ் 2007 ஏப்ரலில் பறந்தது. 2009 மார்ச் 6ஆம் தேதி பெங்களூரு அருகே பிடதியில் அது விழுந்து நொறுங்கியது. பறக்கும்போதே ஓர் இன்ஜினை நிறுத்தி மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனை அன்று நடந்தது. விங் கமாண்டர் பிரவீண் கோட்டேகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா ஆகிய மூவரும் உயிரிழந்தார்கள். முதல் இருவரும் பைலட்டுகள். இளையராஜா விமானச் சோதனைப் பொறியாளர். இன்ஜினை மீண்டும் இயக்குவதற்கு வடிவமைப்பாளர் தரப்பு எழுதிக் கொடுத்திருந்த வழிமுறையே தவறு என்றும், அதைச் செய்வதற்குப் போதிய உயரம் இல்லை என்றும் டி.ஜி.சி.ஏ. விசாரணை முடிவு செய்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த வழிமுறை என்பது காகிதத்தில் வரிசை எண் போட்டு எழுதிய சில வரிகள். வடிவமைப்புப் பொறியாளரின் வேலையில் படம் மட்டுமல்ல, அந்த வரிகளும் அடக்கம்.

திட்டம் சில ஆண்டுகள் முடங்கியது. பிறகு முதல் சரஸையே திருத்தி, 2018 ஜனவரி 24இல் மீண்டும் பறக்கவிட்டார்கள். அதன் பின் 19 இருக்கைகள் கொண்ட சரஸ் மார்க்-2 வடிவமைப்பு வேலை தொடங்கியது.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 1991இல் 22 வயதில் இந்தத் திட்டத்தில் ஒருவர் சேர்ந்தார் என்று வையுங்கள். முதல் விமானம் பறக்கும்போது அவருக்கு 35 வயது. விபத்தின்போது 40. மீண்டும் பறக்கும்போது 49. அவர் வரைந்த விமானத்தில் இதுவரை டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர்கூட ஏறவில்லை. நான் எழுதும் புரோகிராம் இரண்டு வாரத்தில் மக்கள் கைக்குப் போய்விடும். விமானம் வரைபவரின் வாழ்நாளுக்கு ஒன்றோ இரண்டோ விமானம்தான். இந்தப் பொறுமை உங்களுக்கு உண்டா என்பதுதான் மதிப்பெண்ணைவிட முக்கியமான கேள்வி.

சாப்ட்வேர்காரர்களுக்கும் இடமுண்டு

இன்றைய விமானத்தில் இறக்கை அளவுக்கு சாப்ட்வேரும் முக்கியம். எங்கள் தொழிலில் பிழை இருந்தால் அடுத்த அப்டேட்டில் சரிசெய்வோம். ஆகாயத்தில் அது நடக்காது. போயிங் 737 மேக்ஸில், மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்கேஸ் என்ற சாப்ட்வேர் ஒரே ஒரு சென்சாரின் பேச்சைக் கேட்டது. அந்த சென்சார் தவறாகச் சொன்னபோது 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் இரண்டு விமானங்கள் விழுந்தன. 346 பேர் இறந்தார்கள்.

அதனால்தான் விமான சாப்ட்வேருக்கு டிஓ-178 என்ற கடுமையான தரவிதி இருக்கிறது. தவறினால் என்ன ஆகும் என்பதைப் பொறுத்து ஏ முதல் இ வரை பிரித்திருக்கிறார்கள். ஏ என்றால் பிழை ஏற்பட்டால் விமானமே போகும். அந்தப் பிரிவில் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியாகச் சோதிக்கப்பட்டதற்குச் சான்று வேண்டும். எழுதும் நேரத்தைவிடச் சோதிக்கும் நேரமே அதிகம்.

உண்மையில் என்ன வேலை கிடைக்கும்?

ஏர்பஸ், போயிங் இரண்டுக்கும் பெங்களூருவில் பொறியியல் மையங்கள் உள்ளன. தேவனஹள்ளி அருகே 43 ஏக்கரில் அமைந்த போயிங் வளாகம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. இவை தவிர, வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்கு வேலை செய்து தரும் இந்தியக் கம்பெனிகளும் உண்டு.

ஆனால் சேர்ந்த முதல் நாளே புது விமானம் வரையச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு கதவின் கீல், ஓர் இருக்கையைத் தாங்கும் கம்பி, ஒரு குழாயின் பிடிப்பு என்று சின்னப் பாகம் ஒன்றைத் தருவார்கள். அது எவ்வளவு விசை தாங்கும், எத்தனை ஆயிரம் தடவை ஏறி இறங்கினால் விரிசல் விடும் என்று கணக்கிட்டு அறிக்கை எழுத வேண்டும். இந்த வேலைகளுக்கு மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். எனவே ஏரோவில் நல்ல கல்லூரி கிடைக்காவிட்டால், மெக்கானிக்கல் படித்துவிட்டு கேட் தேர்வு எழுதி மேற்படிப்பில் ஏரோ எடுக்கலாம். தமிழ்நாட்டில் எம்.ஐ.டி., ஐ.ஐ.டி. மெட்ராஸ் இரண்டிலும் இந்தத் துறை உண்டு.

வீட்டில் செய்து பாருங்கள்: நான்கு வாரங்கள்

முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் வசதியைப் பாருங்கள். விண்டோஸில் திஸ் பிசி ஐகான் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் கிளிக் செய்யுங்கள். ராம் 8 ஜிபி இருந்தால் தாராளம். கீழே சொல்லும் எல்லாமே இலவசம். அந்தந்த சாப்ட்வேரின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். விளம்பரத்தில் வரும் பச்சை நிற டவுன்லோட் பட்டனைத் தொடாதீர்கள்.

முதல் வாரம், எக்ஸ்எப்எல்ஆர்5. இறக்கை வடிவங்களைச் சோதிக்கும் புரோகிராம். இதன் அடிப்படையான எக்ஸ்பாயிலை 1986இல் மார்க் டிரெலா என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதினார். நாசாவுக்கு முன்பிருந்த நாகா என்ற அமைப்பு தந்த நான்கு இலக்க வடிவங்கள் இதில் உண்டு. 2412 என்று கொடுங்கள். 2 என்றால் இறக்கை அகலத்தில் 2 சதவீத வளைவு. 4 என்றால் அந்த வளைவு முன்முனையிலிருந்து 40 சதவீதத் தூரத்தில். 12 என்றால் தடிமன் 12 சதவீதம். செஸ்னா 172 என்ற புகழ்பெற்ற சிறு விமானத்தின் இறக்கை இதுதான். ரெனால்ட்ஸ் எண் என்ற இடத்தில் 10 லட்சம் கொடுத்து, கோணத்தை 0 டிகிரியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். தூக்குவிசை ஏறிக்கொண்டே போகும். சுமார் 15 டிகிரியில் ஏறுவது நின்று, பிறகு சரியும். அதற்கு ஸ்டால் என்று பெயர். பைலட்டுகள் அஞ்சுவது இதற்குத்தான்.

இரண்டாம் வாரம், ஓப்பன் விஎஸ்பி. நாசாவில் உருவாகி 2012இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. உடல், இறக்கை, வால் என்று சேர்த்துச் சேர்த்து ஒரு மணி நேரத்தில் முழு விமானத்தின் உருவத்தை அமைத்துவிடலாம். இறக்கையை நீட்டிப் பாருங்கள், பின்னால் சாய்த்துப் பாருங்கள்.

மூன்றாம் வாரம், ப்ரீகேட். கேட்டியாவைப் போலப் பாகங்களை மில்லிமீட்டர் கணக்கில் வரையும் சாப்ட்வேர். விமானம் வேண்டாம், உங்கள் வீட்டுக் கதவின் கீலை ஸ்கேலால் அளந்து அப்படியே வரையுங்கள். பைல் பெயரோடு தேதியையும் வெர்ஷன் எண்ணையும் சேர்த்து சேமியுங்கள். ஏ380 கதை நினைவிருக்கட்டும்.

நான்காம் வாரம்தான் உண்மையான பரீட்சை. தெர்மாகோல் அட்டையில் ஒரு கிளைடர் செய்யுங்கள். செய்யும் முன் எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு பட்டியல் போடுங்கள். முதல் கட்டத்தில் பாகம், இரண்டாவதில் நீங்கள் நினைக்கும் எடை. இறக்கை, உடல், வால், பசை, மூக்கில் வைக்கும் களிமண் எதையும் விடாதீர்கள். செய்து முடித்ததும் மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து மூன்றாவது கட்டத்தில் எழுதுங்கள். நான்காவதில் =C2-B2 என்று பார்முலா போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள். எங்கே எடை கூடியது என்று திரை காட்டும். பசைதான் முதல் குற்றவாளியாக இருக்கும்!

எடை கூடிய இடத்தைக் கண்டுபிடித்து, அறுத்து, மறுபடி செய்து, மறுபடி நிறுத்துப் பார்க்க ஆசை வருகிறதா? அப்படியென்றால் இந்த வேலை உங்களுக்கானது. இரண்டாம் நாளே அலுத்துவிட்டால் அதில் தவறொன்றும் இல்லை. ஒரு மாதமும் கொஞ்சம் தெர்மாகோலும்தான் செலவு.

கல்லூரியில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பெற்றோர்கள் பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். ஒன்று, காற்றுச் சுரங்கம் எனப்படும் விண்ட் டனல் கல்லூரியில் இருக்கிறதா, மாணவர்கள் அதைக் கையால் இயக்குகிறார்களா? இரண்டு, கடந்த மூன்று ஆண்டுகளில் ஏரோ படித்தவர்களில் எத்தனை பேர் விமானத் துறையில் சேர்ந்தார்கள், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில்? மூன்று, முதலாம் ஆண்டிலேயே மாணவர்கள் ஏதாவது ஒன்றைச் செய்து பறக்கவிடுகிறார்களா?

பதிலை எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். சுவரில் போயிங் படம் பெரிதாக மாட்டியிருப்பதை மட்டும் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.